1991 ஜிடிஓ: ஈசியூ (இஞ்சினின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள். வேறு வாங்குவதா, இதையே திருத்துவதா?

உப்புவெளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1991 மிட்சுபிஷி ஜிடிஓ ஒன்று இருக்கிறது. டர்போ இல்லாதது, 3 லீற்றர் வி6, மெனுவல் கியர். மாமா கொழும்பில் வைத்து ஓடிய கார், இப்போது என்னிடம் திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு மிகக் கிட்ட நிற்கிறது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில் விலை கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அதனால் விற்றுவிட்டு வேறு எடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், மற்ற எதையும் கேட்கத் தயார்.

முதலில் ஐடில், அதாவது கால் வைக்காமல் இஞ்சின் சும்மா ஓடுவது, கெட்டது. அனுராதபுரச் சந்தியில் வாகனங்களுக்குப் பின்னால் நின்றால் ஆர்பிஎம் 500 வரை விழும், நின்றுவிடுகிற மாதிரி நடுங்கும், பிறகு கால் வைக்காமலே 1500க்கு ஏறும், திரும்ப விழும். காலையில் பரவாயில்லை, கச்சான் காற்று அடிக்கிற மத்தியான நேரம் வண்டியை நிறுத்தவே பயம். அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணுவதிலும் வில்லங்கம் வந்தது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் பிடிப்பதில்லை, ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இப்போது அதுவும் இல்லை, முற்றாகப் படுத்துவிட்டது. முன்பெல்லாம் சாவியை ஒன் பண்ணினால் செக் இஞ்சின் லைட் சில விநாடி எரிந்து அணையும். இப்போது எரிவதே இல்லை.

நகரத்தில் ஒரு கராஜில் விட்டேன். பிளக், பிளக் வயர், பெற்றோல் பில்டர் எல்லாம் மாற்றினார்கள், பம்புக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள், பம்ப் சுற்றுகிறது. பழைய கார் என்பதால் ஸ்கேனர் கொழுவ இடமில்லை, கடைசியில் கம்ப்யூட்டர்தான் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் ஒருவரிடம் இதே காரின் ஈசியூ இருக்கிறதாம். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்கிறார், போட்டுப் பார்த்துச் சரிவராவிட்டால் திருப்பி எடுக்கவும் மாட்டாராம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நடுக் கொன்சோலைக் கழற்றி ஈசியூப் பெட்டியை வெளியில் எடுத்து மூடியைத் திறந்தேன். கருகின மணம் இல்லை, ஆனால் கருவாட்டு வாடை மாதிரி ஒன்று மூக்கில் அடித்தது. போர்டில் எரிந்த இடம் என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த வாடைக்கு ஏதும் அர்த்தம் இருக்கிறதா? கொழும்புப் பெட்டியை வாங்கலாமா? வாங்கினால் புரோகிராம் பண்ண வேண்டுமா, அப்படியே கொழுவலாமா?


மூன்றாம்கட்டை:

தம்பி, காசு அனுப்பிவிடாதீர். உப்புவெளியில் கடலோரம் நிற்கிற கார் என்றால் முதலில் ஏர்த் வயரைப் பாரும். பற்றரி நெகட்டிவிலிருந்து பொடிக்குப் போவது, இஞ்சினிலிருந்து பொடிக்குப் போவது, இன்ரேக் மேனிபோல்டில் (இஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்த் தொகுதி) போல்ட் போட்டுப் பிடித்திருப்பது, எல்லாவற்றையும் கழற்றி மண்கடதாசி போட்டு உரசிப் பூட்டும். வெளியில் பார்க்க நல்லாத்தான் இருக்கும், முனையைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். இந்தக் காற்றுக்கு வாசலில் நிற்கிற கேற்றே தாங்குவதில்லை, வயர் எப்படித் தாங்கும்?


சீனக்குடா_சோல்டர்:

உப்புவெளித் தம்பி, அந்த வாடையை எழுதினீர்களே, நல்ல காலம். அதை எழுதாமல் விட்டிருந்தால் நானும் ஏர்த்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நான் கார் மெக்கானிக் இல்லை. படகு இஞ்சின், ரேடியோ, இன்வேட்டர் என்று போர்டு திருத்துகிறவன். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் செய்த எலக்ட்ரோனிக் சாமான்களில் வந்த எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கிற திரவம் காலம் போகப் போக அடிப்பக்கத்து ரப்பரைத் தாண்டிக் கசியும். அந்தத் திரவத்துக்குத்தான் மீன் வாடை. சோல்டரிங் அயனை வைத்தால் வாடை இன்னும் தூக்கும். அந்தக் காலத்து ஜிடிஓ, எக்லிப்ஸ், கலன்ட் ஈசியூக்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், வேறு கம்பனிகளின் பெட்டிகளிலும் நடக்கிறதுதான். முப்பது வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற காருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் கசிந்தால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சாமானின் ஆயுள் வெப்பம் 10 பாகை கூடினால் அரைவாசியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. கண்ணாடி மூடி வெயிலில் நிற்கிற காரின் கொன்சோலுக்குள் எவ்வளவு சூடு என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கார் ஏன் பேசாமல் கிடக்கிறது என்று சொல்கிறேன். இந்தக் கார்களில் சாவியை ஒன் பண்ணியதும் ஈசியூவுக்கு ஒரு சின்ன வயரில் கரண்ட் போகும். அது விழித்துக்கொண்டு எம்பிஐ ரிலேயை, அதாவது பெரிய கரண்ட்டைத் திறந்து விடுகிற சுவிட்சை, இழுக்க வேண்டும். ரிலே இழுபட்டால்தான் ஈசியூவுக்கு முழு 12 வோல்ட், பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டருக்குக் கரண்ட், அந்த ரிலே வழியாகத்தான் பம்புக்கும். பெட்டி விழிக்காவிட்டால் லைட்டும் இல்லை, பெற்றோலும் இல்லை, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும். நீங்கள் எழுதினது அச்சொட்டாக அதுதான். ஆனால் அந்த ரிலேக்குள்ளேயே சோல்டர் வெடித்திருந்தாலும் இதே கதைதான் நடக்கும், ஆகவே சாவியை ஒன் பண்ணும்போது ரிலே டிக் என்கிறதா என்று ஒருவரைக் காது வைக்கச் சொல்லுங்கள்.

போர்டில் எரிந்தது தெரியவில்லை என்றீர்கள். எரிந்ததைத் தேட வேண்டாம். நின்றுகொண்டிருக்கிற உருளைக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள், அவற்றின் காலடியில் போர்டின் வார்னிஷ் மங்கி ஈரம் போல பளபளக்கிறதா, பக்கத்துச் சோல்டர் சாம்பல் நிறமாக மினுக்கம் செத்துக் கிடக்கிறதா, செப்புக் கோடு கறுத்தோ பச்சையாகவோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் இருந்தால் லென்ஸ் பிடித்துப் பாருங்கள். கசிந்த திரவம் செப்பைத் தின்னும். கோடு முடி அளவுக்கு மெலிந்திருக்கும், வெயில் ஏற ஏற விட்டுவிட்டு வேலை செய்யும். காலையில் பரவாயில்லை, மத்தியானம் சரியில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கொழும்புப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் இதே வயசுப் பெட்டி. அதே கெப்பாசிட்டர், அதே திரவம். இன்றைக்கு ஓடும், நாளைக்குக் கசியும், அல்லது ஏற்கெனவே கசிந்துகொண்டே இருக்கும். யாராவது அதைத் திறந்து புதுக் கெப்பாசிட்டர் போட்டு, படமும் காட்டினால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் கையில் இருக்கிற போர்டைத் திருத்துவதுதான் புத்தி.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். ஐடில் ஏறி இறங்கின கதை எனக்குப் பிடிக்கவில்லை. இஞ்சினுக்குக் காற்றைத் திறந்து விடுகிற திரொட்டில் பொடியில் ஐஎஸ்சி மோட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஐடில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற குட்டி ஸ்டெப்பர் மோட்டர், ஆறு பின் கனெக்டர். அதன் சுருள் ஷோர்ட் ஆனால் ஈசியூவுக்குள் அதை ஓட்டுகிற டிரைவர் ஐசி (சிப்) எரிந்துபோகும். நிறையப் பேர் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், பழைய மோட்டர் புதுப் பெட்டியையும் தின்றுவிடும். கனெக்டரைக் கழற்றி மோட்டரின் பக்கம் மல்டிமீற்றர் வையுங்கள். 2 ஆம் பின்னிலிருந்து 1க்கும் 3க்கும், 5 ஆம் பின்னிலிருந்து 4க்கும் 6க்கும் அளக்க வேண்டும். நான்கும் 28 முதல் 33 ஓம் வரை வர வேண்டும். அது 20 பாகைக்கு எழுதின கணக்கு, எங்கள் ஊர்ச் சூட்டுக்கு 34, 35 வந்தாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும் குறைந்து நின்றால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

ஏர்த்தைப் பற்றி மேலே ஐயா எழுதியதும் சரி. கண்ணால் பார்த்து முடிவெடுக்காமல் அளந்து பாருங்கள். மீற்றரை டிசி வோல்ட்டில் போட்டு, ஒரு முனை ஈசியூ கனெக்டரின் ஏர்த் வயரில், மற்றது பற்றரியின் நெகட்டிவ் முனையிலேயே, ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே வேலை இருக்கிறது.


கிண்ணியா_நானா:

சோல்டர் தம்பி எல்லாம் சொல்லிட்டார், நான் பெட்டி வாங்குகிற பக்கத்தை மட்டும் சொல்றேன், ஏனென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான் அலையாத பார்ட்ஸ் கடை இல்லை.

ஜிடிஓ பெட்டி என்று சொல்லி யார் எதைத் தந்தாலும் எடுக்க வேணாம். மேலே ஒட்டியிருக்கிற லேபலில் எம்டி என்று தொடங்கும் நம்பர் இருக்கும், உங்களுடைய பழைய பெட்டியின் நம்பரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேணும். டர்போக்காரன் பெட்டியை டர்போ இல்லாததில் போட்டு ஓட்டலாம் என்று கடையில் சத்தியம் பண்ணுவார்கள். டர்போவில் இன்ஜெக்டர் பெரிசு, 2, 3 ஓம்காரன், வெளியே ரெசிஸ்டர் பேக் ஒன்றோடு வரும். உங்களுடையது 13லிருந்து 16 ஓம், ரெசிஸ்டர் பேக் இல்லை. பெரிய இன்ஜெக்டருக்கு எழுதின கணக்கில் சின்ன இன்ஜெக்டரைத் திறந்தால் பெற்றோல் போதாமல் இஞ்சின் சூடாகித் தட்டும். ஓட்டோ கியர்ப் பெட்டியும் வேணாம், ஸ்டார்ட் ஆகலாம், ஒழுங்காக ஓடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

புரோகிராம் பற்றிக் கேட்டீங்க. 91 ஜப்பான் காரில் சாவிக்குள் சிப் கிடையாது, நம்பர் பொருந்தினால் கொழுவினால் சரி. பிந்திய வருஷத்துக் கார்களில், சாவிச் சிப்பைச் சரிபார்க்கிற இம்மொபிலைசர் உள்ளதில், பெட்டி, சாவி, இம்மொபிலைசர் மூன்றும் ஒரே காரிலிருந்து வராட்டி அப்படியே கொழுவினால் ஸ்டார்ட் ஆகாது. அந்தத் தலையிடி உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. மாமா கொழும்பில் வைத்திருந்தார் என்றால் அலாரம் பூட்டியிருப்பார். அந்தக் காலத்தில் அலாரம் பூட்டினவர்கள் இக்னிஷன் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போனார்கள். கொன்சோலுக்குள் தலையை விட்டிருக்கிற நேரமே அந்தக் குப்பையெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துப்போட்டு வயரைச் சோல்டர் பண்ணி மூடுங்க.


உப்புவெளிக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி அளந்தேன், எழுதுகிறேன்.

ஏர்த்: ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 0.6 வோல்ட் காட்டியது. இன்ரேக் மேனிபோல்டில் பிடித்திருந்த முனையைக் கழற்றினேன், மூன்றாம்கட்டை ஐயா சொன்னது அப்படியே, வளையத்துக்கு அடியில் பச்சைத் தூள். உரசிச் சுத்தம் பண்ணி, பற்றரியிலிருந்து பொடிக்குப் போகிற வயரைப் புதுசாகவே மாற்றிவிட்டேன். இப்போது 0.05. ஆனால் லைட் இன்னும் எரியவில்லை, ரிலே டிக் என்பதும் இல்லை. ரிலேயைக் கழற்றி நேராகக் கரண்ட் கொடுத்தால் இழுக்கிறது.

ஐஎஸ்சி மோட்டர்: மூன்று அளவு 31, 32, 31. நாலாவது, 5க்கும் 6க்கும் இடையில், 9 ஓம். மீற்றர் பிழையோ என்று வேறு மீற்றர் இரவல் வாங்கி அளந்தேன், அதிலும் அதுதான்.

போர்டு: இரண்டு கெப்பாசிட்டரின் காலடியில் ஈரம் போல மினுக்கம் தெரிகிறது. ஒன்றின் பக்கத்தில் செப்புக் கோடு கறுத்திருக்கிறது. அலாரம் வயரும் இருக்கிறது, நானா சொன்ன மாதிரியே டேப் சுற்றி. அந்த டேப்பின் பசை உருகி வடிந்து மற்ற வயர்களிலெல்லாம் ஒட்டியிருக்கிறது.

அப்படியென்றால் போர்டைத் திருத்தி, ஐஎஸ்சி மோட்டரையும் மாற்றினால் போதுமா? டிரைவர் எரிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?


சீனக்குடா_சோல்டர்:

9 ஓம். சரி, இதுதான் உங்கள் ஐடிலை ஆட்டி வைத்த ஆள். 30 ஓம் சுருள் 12 வோல்ட்டில் 0.4 அம்பியர் எடுக்கும், 9 ஓம் என்றால் 1.3 அம்பியர், மூன்று மடங்குக்கு மேல். கொழும்புப் பெட்டியை வாங்கி இந்த மோட்டரோடு கொழுவியிருந்தால் அதன் டிரைவருக்கும் இந்தச் சுமைதான். திருப்பி எடுக்கமாட்டேன் என்று சொன்ன மனிதரிடம் எதைச் சொல்லி வாதாடுவீர்கள்? பழைய மோட்டரை இனி எந்தக் காரணத்துக்காகவும் கொழுவ வேண்டாம், கனெக்டரைக் கழற்றியே வையுங்கள்.

டிரைவரைப் பார்க்கிற விதம்: ஈசியூ கனெக்டரின் ஐஎஸ்சி பின்கள் நான்கிலிருந்தும் போர்டின் ஏர்த்துக்கு, மீற்றரை டயோட் சோதனையில் போட்டு வைத்துப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டினால் நல்ல சகுனம். ஒன்று மட்டும் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் அந்த டிரைவர் ஷோர்ட், அந்த ஐசியையும் மாற்ற வேண்டும். எந்தப் பின் எது என்பது சேவிஸ் மனுவலின் வயரிங் படத்தில் இருக்கிறது, ஊகித்து அளக்க வேண்டாம். வெளியில் வெடிப்போ கருகலோ இல்லாமலும் டிரைவர் செத்திருக்கும், ஆகவே கண்ணை நம்பாமல் மீற்றரை நம்புங்கள்.

கெப்பாசிட்டர் மாற்றுகிறவர்களுக்கு, நீங்களே செய்தாலும் சரி வேறு ஆளிடம் கொடுத்தாலும் சரி, இதைக் காட்டுங்கள். கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், எந்தப் பக்கம் நெகட்டிவ் கோடு என்று தெரிய வேண்டும், மாற்றிப் போட்டால் வெடிக்கும். பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோபராட் அப்படியே இருக்க வேண்டும், வோல்ட் அதேயளவு அல்லது கூட. 85 பாகை என்று எழுதியிருப்பதைத் தொட வேண்டாம், 105 பாகைதான். நிச்சிகான், ருபிகான், பானசோனிக் மாதிரி நல்ல ஜப்பான் சாமானாக, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கிறதெல்லாம் அசல் இல்லை, பெயர் மட்டும் அச்சடித்து வருகிறவையும் உண்டு.

கழற்றுவதில்தான் நிறையப் பேர் போர்டைக் கெடுக்கிறார்கள். போர்டின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதை அந்த இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டி எடுக்காமல் அயனை வைத்தால் சோல்டர் உருகாது, ஆள் பொறுமை கெட்டு இன்னும் சூடாக்கி இழுப்பான், துளைக்குள் இருக்கிற செப்புக் குழாய் காலோடு சேர்ந்து வந்துவிடும். கசிவு தின்ற இடத்தில் சோல்டர் இலகுவில் ஓடாது. கொஞ்சம் புதுச் சோல்டரும் பிளக்ஸும் கொடுத்தால் பழையது கலந்து இளகும். இரண்டு காலையும் மாறி மாறிச் சூடாக்கி, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும், பலாத்காரம் கூடாது.

கழற்றின பிறகு சுத்தம் பண்ணாமல் புதுசைப் போட்டால் செய்த வேலை வீண். இந்தத் திரவம் காரம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்து, உடனே ஐசோபுரோபைல் அல்கஹோலால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காய விட வேண்டும். வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பாருங்கள், இருந்தால் எங்கேயோ மிச்சம் இருக்கிறது, பெரும்பாலும் பக்கத்து ஐசியின் அடியில். கறுத்த கோட்டை மீற்றரால் இரு முனையும் அளந்து, அறுந்திருந்தால் மெல்லிய வயரால் பாலம் போடுங்கள். அறுபடவில்லை, ஆனால் மெலிந்திருக்கிறது என்றாலும் பாலம் போடத்தான் சொல்வேன், அது இன்னொரு மாரிக்குத் தாங்காது. எல்லாம் முடிந்து கார் ஓடின பிறகு போர்டுக்குப் பூசுகிற அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு. திருமலையில் அதைப் பூசாமல் விட வேண்டாம்.

மாரி என்றதும் ஞாபகம் வந்தது, கொன்சோலுக்கு இரண்டு பக்கமும் கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். ஏசி தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைபட்டால் அந்தத் தண்ணீர் உள்ளுக்குத்தான் இறங்கும். கார்ப்பெற் ஈரமாக இருந்தால் அதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள்.


லிங்கநகர்_வேகம்:

மச்சான், 91ஆம் ஆண்டு போர்டை வினாகிரி போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு ஒரு ஸ்டேண்டலோன் ஈசியூ (கம்பனிப் பெட்டிக்குப் பதிலாகப் போடுகிற, நாமே கணக்கு எழுதுகிற பெட்டி) போட்டால் என்ன? ஹால்டெக், லிங்க், மலிவாக வேண்டுமென்றால் ஸ்பீடுயினோ. லப்டொப்பைக் கொழுவி எல்லாவற்றையும் பார்க்கலாம், சென்சர் என்ன சொல்கிறது, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்கிறது எல்லாம் திரையில் வரும். பிறகு டர்போ போட ஆசை வந்தாலும் அதே பெட்டி போதும். முப்பது வருடப் போர்டை நம்பி ஹபறணைக் காட்டுக்குள்ளால் இரவில் கொழும்புக்கு ஓட நான் தயார் இல்லை.


கிண்ணியா_நானா:

தம்பி, பெட்டி நல்லதுதான், இல்லை என்று சொல்லலை. ஆனா பெட்டியை வாங்கினதும் கார் ஓடாது. வயரிங் செய்ய வேணும், புகையைப் பார்த்து பெற்றோல் கூடவா குறைவா என்று சொல்கிற வைட்பேண்ட் சென்சர் போட வேணும், டைனோவில் (இஞ்சினின் பலத்தை அளக்கிற மெசின்) வைத்து இந்த இஞ்சினுக்கு மேப், அதாவது பெற்றோல் கணக்கு, எழுத வேணும். அதைத் திருமலையில் யார் செய்வார்? காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோக வேணும், ஏதும் பிழைத்தால் திரும்பவும் ஏற்ற வேணும். குளிரில் ஸ்டார்ட், ஏசி போட்டால் ஐடில், இதெல்லாம் கம்பனிக்காரன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதின கணக்கு. டர்போ இல்லாத, ஒன்றும் மாற்றாத இஞ்சினுக்கு அந்தக் கணக்கை விட நல்லது யாரும் எழுதித் தர மாட்டார்கள். இஞ்சினை மாற்றிக் கட்டினவருக்கு உங்கள் யோசனை சரி, இவருக்கு வேணாம்.

அதோட 9 ஓம் மோட்டரும் பச்சை ஏர்த்தும் புதுப் பெட்டியையும் சும்மா விடாது.


லிங்கநகர்_வேகம்:

டைனோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன் நானா, இங்கே அது இல்லை. ஆனால் உப்புவெளி, போர்டை யாரிடம் கொடுத்தாலும் பெட்டிக்குள் இருக்கிற புரோகிராம் சிப்பைக் கழற்றக்கூடிய மாதிரி இருக்கிறதா என்று கேட்டுவை. இருந்தால் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல். இந்தப் போர்டு என்றைக்காவது முழுக்கப் போனாலும் கணக்கு கையில் இருக்கும்.


உப்புவெளிக்காரன்:

நல்ல யோசனை மச்சான், கேட்கிறேன்.

டயோட் சோதனை செய்தேன். மனுவலில் பின் பார்த்து அளந்தேன், மூன்று பின் ஒரே மாதிரி, ஒன்று பூச்சியம். மோட்டரில் 9 ஓம் காட்டின அதே 6 ஆம் பின்னுக்குப் போகிற கோடுதான் அது. ஆகவே கெப்பாசிட்டர் கசிவும் இருக்கிறது, டிரைவரும் போயிருக்கிறது, இரண்டும் ஒரே பெட்டியில். கராஜில் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று சொன்னது பொய் இல்லை, ஏன் போனது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. கொழும்புக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலது பக்கத்துக் கார்ப்பெற் காய்ந்திருக்கிறது, இடது பக்கம் ஈரம். ஏசிக் குழாயின் வாயில் குளவி கட்டின மண் இருந்தது, கம்பி விட்டு எடுத்ததும் ஒரு கோப்பை தண்ணீர் கொட்டியது.

போர்டை சீனக்குடாவுக்குக் கொண்டுவரலாமா அண்ணை? ஐஎஸ்சி மோட்டர் ஜப்பானிலிருந்து வர வேண்டும், நம்பர் பொருந்துகிறது, அனுப்பச் சொல்லிவிட்டேன். எல்லாம் கைக்கு வந்த பிறகு எந்த ஒழுங்கில் பூட்ட வேண்டும்?


சீனக்குடா_சோல்டர்:

தாராளமாகக் கொண்டுவாருங்கள், தனிச் செய்தியில் இடம் சொல்கிறேன். போர்டை வெறும் பொலித்தீன் பையில் போட வேண்டாம், அதன் பெட்டியோடேயே கொண்டுவாருங்கள். டிரைவர் ஐசி பழைய போர்டு ஒன்றிலிருந்து கழற்றி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

பூட்டுகிற ஒழுங்கு. பற்றரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்கில் எயர்பேக் இருந்தால் கழற்றி ஒரு நிமிடமாவது பொறுத்த பிறகே கொன்சோலுக்குள் கை வையுங்கள், அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொடவும் வேண்டாம், மீற்றர் வைக்கவும் வேண்டாம். ஈசியூவின் பின்களையும் கனெக்டரையும் கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, காய்ந்த பிறகு கொழுவுங்கள். முதல் தடவை ஐஎஸ்சி மோட்டரைக் கொழுவ வேண்டாம். சாவியை ஒன் மட்டும் பண்ணுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். செக் இஞ்சின் லைட் எரிந்து அணைகிறதா, ரிலே டிக் என்கிறதா பாருங்கள். திரொட்டில் சென்சர் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள், 4.8க்கும் 5.2க்கும் இடையில் இருக்க வேண்டும். வராவிட்டால் பெட்டியைக் குறை சொல்ல முன் சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் அந்தச் சென்சர்தான் ஷோர்ட்.

அதெல்லாம் சரி என்றால் சாவியை ஓப் பண்ணி, புது ஐஎஸ்சி மோட்டரையும் பூட்டும் முன் ஒருமுறை அளந்துவிட்டுக் கொழுவி, ஸ்டார்ட் பண்ணுங்கள். லைட் அணையாமல் நின்றால் பியூஸ் பெட்டிப் பக்கத்தில் இருக்கிற 12 பின் டயக்னோஸ்டிக் கனெக்டரில் முள் உள்ள பழைய மீற்றரை 1க்கும் 12க்கும் இடையில் வைத்து முள் ஆடுவதை எண்ணுங்கள். நீண்ட ஆட்டம் பத்து, குறுகிய ஆட்டம் ஒன்று. இரண்டு நீளம் ஒரு குறுகல் என்றால் 21, தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். 22 என்றால் கிராங்க் சென்சர். ஸ்கேனர் கொழுவ இடமில்லை என்று கராஜில் சொன்னார்களே, இடம் இருக்கத்தான் செய்கிறது, கேட்கிற பாஷைதான் வேறு.

முதல் பத்து இருபது நிமிடம் ஐடில் கொஞ்சம் தடுமாறும், பெட்டி புதிதாகப் பழக வேண்டும், பதற வேண்டாம்.


மூன்றாம்கட்டை:

ஒன்று சேர்க்கிறேன். ஐடில் கெட்டிருந்த காலத்தில் கராஜில் யாராவது திரொட்டில் பொடியின் ஐடில் ஸ்குரூவைத் திருகியிருப்பார்கள், சத்தியமாகத் திருகியிருப்பார்கள், அதன் மேல் ரப்பர் மூடி ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை என்றால் திருகின கைதான். புது மோட்டர் போட்டு இஞ்சின் நன்றாகச் சூடாகி, ஏசி, லைட் எல்லாம் ஓப்பில் இருக்கும்போது 700 அளவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே ஸ்குரூவைப் பிடிக்க வேண்டாம் தம்பி, முதலில் வக்கும் குழாய் எங்கேயாவது வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று பாரும், அந்த ரப்பருக்கும் முப்பது வயசுதான். ஸ்குரூவில் கை வைக்கத்தான் வேண்டும் என்றால் மனுவலில் சொன்ன மாதிரி டயக்னோஸ்டிக் வயரையும் டைமிங் வயரையும் ஏர்த் பண்ணிவிட்டுத்தான். இல்லாவிட்டால் நீர் ஒரு பக்கம் திருக, ஈசியூ மற்றப் பக்கம் இழுக்கும்.


உப்புவெளிக்காரன்:

ரப்பர் மூடி இல்லை ஐயா. இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்குரூவின் தலை புதுசாகச் சுரண்டுப்பட்டிருக்கிறது. வக்கும் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டே தொடங்குகிறேன், எந்த அளவுக் குழாய் என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். பெட்டியோடு சனிக்கிழமை சீனக்குடாவுக்கு வருகிறேன் அண்ணை.